ஆடுகளத்தில் சமநீதி: அட்டக்ஸ் பள்ளியின் வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் பணிகளை இம்மலரில் பலரும் எடுத்துரைப்பர். கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருவன நூலும் வகுப்பறையும் தேர்வுமே. ஆடுகளம் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளுக்குப் பிறர் எந்த இடத்தை அளிக்கின்றனர் என்பதை வகுப்பறையைக் காட்டிலும் ஆடுகளமே வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. அங்கே எல்லைக்கோடு உண்டு, நடுவர் உண்டு, விதி உண்டு. விதி எல்லோர்க்கும் பொது என்று எழுதப்பட்டும் இருக்கும். அவ்விதியை எழுதியவர் எவர், எவரை உள்ளே விட எழுதினர், எவரை வெளியே நிறுத்த எழுதினர் என்று ஆராய்வது நம் கடமையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் குறுவட்டத் தடகளப் போட்டிக்கு நம் அரசுப் பள்ளி மாணவர் சிலரை நகரப் பேருந்தில் அழைத்துச் சென்றோம். தனியார் பள்ளி ஒன்றின் மாணவர்கள் தம் பள்ளிப் பேருந்தில், பயிற்றுநர் இருவருடன் வந்து இறங்கினர். அவர்கள் காலில் ஆணி பதித்த ஓட்டக் காலணி. நம் பிள்ளைகள் வெறுங்காலினர். 400 மீட்டர் ஓட்டத்தில் நம் மாணவன் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்தவன் எட்டாம் வகுப்பு வரை நம் பள்ளியிலேயே படித்தவன். அவன் ஓட்டத்தைக் கண்டு, கட்டணம் வேண்டாம் என்று சொல்லி அப்பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மகனை அங்கு அனுப்பிய தந்தையை நாம் குறை கூறோம். கூலி வேலை செய்து பிழைக்கும் எவரும் அதனையே செய்வர். திரும்பும் வழியில், இரண்டாவதாக வந்தவன் நம்மைக் கேட்டான்: "ஐயா, எங்களை அவங்களோட சேர்த்து ஓட விட்டது சரிதானா?" அன்று நாம் விடை கூறவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடிப் படித்தபோது கிடைத்த ஒரு வரலாற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

அது நம் நாட்டு வரலாறு அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த இந்தியானா மாநிலத்தின் வரலாறு. எனினும் நமக்கு முற்றும் அயலானதும் அன்று. 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதினார். அம்மக்களின் நிலையைத் தாம் கற்றுவந்துள்ளதையும், அவர்கள் நிலைக்கும் இந்நாட்டுத் தீண்டப்படாதார் நிலைக்கும் உள்ள ஒப்புமையையும் அதில் குறித்தார். அண்ணல் நோக்கிய திசையில் நாமும் சிறிது நோக்குவோம்.

ஒரே போட்டி, ஒரே கோப்பை

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. குளிர்காலத்தில் மாணவர் கட்டடத்திற்குள்ளேயே ஆடுவதற்கென அவர் அதனை அமைத்தார். சில ஆண்டுகளில் அது இந்தியானாவின் சிற்றூர்கள்தோறும் பரவியது. ஐந்து பேர் இருந்தால் அணி அமைந்துவிடும் ஆதலின், மாணவர் தொகை குறைந்த கிராமப் பள்ளிகளும் அதனை விரும்பி ஏற்றன.

இந்தியானா உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1903-இல் தோன்றியது. 1911 முதல் மாநிலக் கூடைப்பந்துப் போட்டி நடந்துவந்தது. மாணவர் தொகை நூறாயினும் இரண்டாயிரமாயினும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே போட்டி, ஒரே கோப்பை என்பதே அப்போட்டியின் சிறப்பாகப் போற்றப்பட்டது. 1928 முதல் இறுதியாட்டங்கள் தலைநகராகிய இண்டியானாபொலிசில் பட்லர் பல்கலைக்கழக அரங்கில் நடந்தன. ஏறத்தாழ 15,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கு நிரம்பி வழிந்தது. இதுவன்றோ சமத்துவம் என்று அம்மாநிலத்தார் பெருமிதம் கொண்டனர்.

ஆனால் 'எல்லாப் பள்ளிகளும்' என்ற சொல்லின் பொருளை நாம் ஆராய வேண்டும். மூவகைப் பள்ளிகளுக்குச் சங்கத்தில் இடமில்லை. கத்தோலிக்கர் முதலிய சமயச் சபையினர் நடத்திய பள்ளிகள் ஒருவகை. தனியார் பள்ளிகள் மற்றொரு வகை. கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகள் மூன்றாம் வகை. முதலிரு வகையும் தனியாருடையவை. மூன்றாவது வகையோ அரசின் வரிப்பணத்தில் அரசே நடத்தியது. அதனை எக்காரணம் கூறி விலக்கினர் என்பதிலேதான் இவ்வரலாற்றின் உட்பொருள் அடங்கியுள்ளது.

ஒதுக்கியவரே கூறிய காரணம்

1920-களின் தொடக்கத்தில் கூ க்ளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி இயக்கம் இந்தியானாவில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. அவ்வியக்கம் கறுப்பினத்தவரோடு கத்தோலிக்கரையும் யூதரையும் பகைத்தது. அதற்குமுன் இண்டியானாபொலிஸ் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் கறுப்பின மாணவரும் பிறரோடு பயின்றுவந்தனர். அவர்களைப் பிரித்துத் தனிப்பள்ளியில் வைப்பதென 1922-இல் நகரக் கல்விக் குழு முடிவு செய்தது. கறுப்பினப் பெரியோர் எதிர்த்தும் பயனில்லை. 1927-இல் அப்பள்ளி திறக்கப்பட்டது.

பள்ளிக்கு ஜெஃபர்சன் பெயரைச் சூட்டக் கருதியிருந்தனர். அவரோ அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். கறுப்பின மக்கள் அதனை மறுத்துத் தம்மவர் பெயரையே வேண்டிப் பெற்றனர். 1770-இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலேயப் படையினரின் துப்பாக்கிக்கு முதலில் இரையானவராகப் போற்றப்படும் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்பாரின் பெயர் அது. பிரித்து வைக்கப்பட்ட இடத்தையும் பெயரால் தமதாக்கிக்கொண்ட அச்செயல் கருதத்தக்கது.

புதிய பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தது. சங்கத்தின் தலைமை அலுவலராக இருந்து அதனைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் ஆர்தர் டிரெஸ்டர். அவர் கூறிய மறுமொழியின் கருத்து இது: சங்கம் பொதுப்பள்ளிகளுக்கு உரியது, பொதுப்பள்ளி என்பது எல்லோர்க்கும் திறந்திருப்பது, கறுப்பினப் பள்ளியில் வெள்ளை மாணவர் சேர இயலாது, ஆகவே அது பொதுப்பள்ளி ஆகாது!

இவ்வாதத்தின் கொடுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளைகள் தாமே சென்று தனியே அமரவில்லை. அரசாங்கம் அவர்களை ஒதுக்கி வைத்தது. பின்னர், ஒதுங்கியிருப்பதையே குற்றமாக்கி மீண்டும் ஒதுக்கியது. ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாதென்று தடுத்துவிட்டு, நீராடாதவர் கோயிலுக்குள் வரக்கூடாது என்பதை ஒத்தது இது. இவ்வகை வாதம் நம்மவர்க்குப் புதியதன்று.

ஊர் ஊராய் அலைந்த அணி

சங்கத்தில் சேராத பள்ளியோடு சங்கப் பள்ளிகள் வழக்கமாக ஆடா. ஆகவே அட்டக்ஸ் அணி எதிரணி தேடி நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. அண்டை மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகளோடும், தம்மைப் போலவே விலக்கப்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகளோடும் ஆடினர். வழியில் உணவு விடுதிகள் அவர்களுக்கு உணவளிக்க மறுத்ததால் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். அவர்கள் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடமும் சிறிது; பெரிய ஆட்டங்களைத் தம் இடத்தில் நடத்த இயலவில்லை.

ஆயினும் அப்பள்ளிக்கு ஒரு செல்வம் வாய்த்தது. வெள்ளையர் கல்லூரிகளில் வேலை கிடைக்காத காரணத்தால், முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற கறுப்பினச் சான்றோர் பலர் அங்கு ஆசிரியராயினர். 1930 முதல் 1957 வரை தலைமையாசிரியராக விளங்கிய ரசல் லேன் சட்டமும் பயின்றவர். வெளியுலகம் கதவடைத்ததால் சேர்ந்த அறிவுச்செல்வம், அப்பள்ளியை நகரின் சிறந்த பள்ளிகளுள் ஒன்றாக்கியது.

கதவு திறந்தது

1940-இல் இந்தியானா மாநில மேலவைக்கு முதற் கறுப்பின உறுப்பினராகத் தேர்வு பெற்றவர் வழக்கறிஞர் ராபர்ட் புரோக்கன்பர். விளையாட்டுச் சங்கம் எல்லாப் பள்ளிகளையும் ஏற்க வேண்டும் என்று 1941-இல் அவர் சட்ட முன்வரைவு கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை. எனினும் அம்முயற்சி சங்கத்தாரை அசைத்தது. 1942 முதல் கறுப்பினப் பள்ளிகளுக்கும் சமயச் சபைப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் ஒருங்கே கதவு திறக்கப்பட்டது. நம் பக்கம் நின்று எவரேனும் ஒருவர் அவையில் எழுந்து பேசினால், தோற்ற தீர்மானமும் பயன் தரும் என்பதற்கு இதுவே சான்று.

கதவு திறந்ததும் களம் சமமாகிவிடவில்லை. வெள்ளையர் சினங்கொள்வாரோ என்ற அச்சத்தால், முதற் சில ஆண்டுகள் அட்டக்ஸ் மாணவர் மிகவும் அடங்கி ஆடுமாறு பழக்கப்பட்டனர். மோதலுக்கு இடமாகும் எதனையும் தவிர்க்க வேண்டும், நடுவர் தீர்ப்பை முகம் சுளியாது ஏற்க வேண்டும் என்பன கட்டளைகள். 1950-இல் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற ரே குரோ இந்நிலையை மாற்றினார். கணித ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். ஒழுக்கத்திலும் படிப்பிலும் கண்டிப்பானவர். மாணவர் வீடுகளுக்குச் சென்று பெற்றோரைக் காண்பவர். அடங்கி ஆடுவதை விடுத்து, அஞ்சாது ஆடக் கற்பித்தார். ஆட்டத்தின் முதற் பத்துப் புள்ளிகள் நடுவருக்கு, அதற்கு மேற்பட்டவையே நமக்கு என்று எண்ணிக்கொண்டு அவ்வணி ஆடியதாகக் கூறுவர். ஒருதலைச் சார்பை மன்றாடி நீக்க இயலாதபோது, அதனையும் கணக்கில் சேர்த்து உழைத்தனர் என்பது பொருள்.

1951-இல் ஆண்டர்சன் நகர அணியோடு நடந்த மண்டல ஆட்டத்தில், கடைசி நொடிகளில் பெய்லி ராபர்ட்சன் என்ற மாணவன் எறிந்த பந்து கூடையில் விழ, 81-80 என அட்டக்ஸ் வென்றது. அவ்வாண்டு மாநில அரையிறுதி வரை சென்றது. பெய்லியின் தம்பி ஆஸ்கர் ராபர்ட்சன், பின்னாளில் உலகறிந்த ஆட்டக்காரரானார். நகரின் குடிசைப் பகுதியில், மண் தரையில் ஆடிக் கற்றவர்கள் அவ்வுடன்பிறந்தார்.

1955 மார்ச் 19-ஆம் நாள் இறுதியாட்டம். அட்டக்ஸ் அணியை எதிர்த்து நின்றது கேரி நகரின் ரூஸ்வெல்ட் பள்ளி. அதுவும் கறுப்பினப் பள்ளியே. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் போட்டியில் கால் வைக்கவும் உரிமையற்றிருந்த இரு பள்ளிகளே இறுதிக் களத்தில் நின்றன! 97-74 என அட்டக்ஸ் வென்றது. எல்லா இனத்தவரும் பங்குகொள்ளும் மாநிலப் போட்டியில் கறுப்பினப் பள்ளி ஒன்று கோப்பை வென்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. தலைநகர்ப் பள்ளி எதுவும் அதுகாறும் அக்கோப்பையை வென்றதில்லை. 1956-இல் 31 ஆட்டங்களிலும் தோல்வியறியாது மீண்டும் வென்றது. ரே குரோ தம் ஏழாண்டுப் பணிக்காலத்தில் 179 வெற்றியும் 20 தோல்வியும் கண்டார்.

வெற்றி இரவு

வென்ற அணியை நகரின் நடுவே படைவீரர் நினைவுத்தூண் நிற்கும் வட்டத்திற்கு அழைத்துச் சென்று கொண்டாடுவது வழக்கம். 1955-இல் அட்டக்ஸ் மாணவரைத் தீயணைப்பு ஊர்தியில் ஏற்றி, அவ்வட்டத்தைச் சுற்றிவரச் செய்து, நிறுத்தாமல், கறுப்பினத்தவர் வாழும் பகுதியிலுள்ள பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தனர். அங்கே தம் மக்களோடு மட்டும் கொண்டாட விடப்பட்டனர். நகருக்கு முதற் கோப்பை தேடித் தந்த பிள்ளைகளுக்கு நகர நடுவில் நிற்க இடமில்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் நாட்டிற்குத் தங்கம் வென்ற அணியில் ஆடினார். எத்தனையோ சிறப்புகள் பெற்றார். எனினும் அவ்விரவின் வடு அவர் நெஞ்சில் நெடுநாள் ஆறவில்லை. ஆட்டத்தில் சமம், ஊர்வலத்தில் சமமில்லை என்ற நிலையை, தேர் வடம் பிடிக்க உழைத்தும் தேர் நம் தெருவுக்கு வாராத ஊர்களில் பிறந்த நாம் எளிதில் உணர்வோம்.

ஒரு வெற்றி மறைத்த உண்மை

இதற்கு முந்திய ஆண்டாகிய 1954-இல் மற்றொரு நிகழ்ச்சி. மைலன் என்னும் சிற்றூரின் பொதுப்பள்ளி, மொத்தம் 161 மாணவரே உடையது, 751 பள்ளிகள் பங்குகொண்ட போட்டியில் கோப்பை வென்றது. வழியில் அட்டக்சையும் 65-52 என வீழ்த்தி, இறுதியில் மன்சி நகரின் பெரிய பள்ளியை 32-30 என வென்றது. 1986-இல் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றுக்கும் இவ்வெற்றியே கருவாயிற்று.

மைலன் மாணவரின் உழைப்பு போற்றத்தக்கது, ஐயமில்லை. ஆனால் அவ்வெற்றியைப் பிறர் பயன்படுத்திய முறை வேறு. "மைலன் வெல்லவில்லையா? ஆகவே போட்டி எல்லோர்க்கும் நியாயமானதே" என்று நாற்பதாண்டுகள் பேசப்பட்டது. அத்துணைச் சிறிய பள்ளி எதுவும் அதன்பின் அவ்வொரே கோப்பையை வெல்லவில்லை என்பதை எண்ணினார் குறைவு. நூற்றில் ஒருவன் ஏறிவிட்டதைக் காட்டி, ஏணி எல்லோர்க்கும் இருக்கிறது என்பது எங்கும் நடப்பதே. நம் சேரியிலிருந்து ஒருவர் மாவட்ட ஆட்சியரானால், அவரைக் காட்டியே மற்றவர் குறையை மறுப்போர் இங்கும் உளர்.

இறுதியில் 1997-98 பள்ளியாண்டு முதல், மாணவர் தொகைக்கேற்பப் பள்ளிகளை நான்கு பிரிவாக்கி நான்கு கோப்பைகள் வைத்தனர். அப்போது வேறொரு சிக்கல் தோன்றியது. சிறு பிரிவுகளில் தனியார் பள்ளிகளும் சமயச் சபைப் பள்ளிகளும் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய வெற்றிகளைப் பெறலாயின என்ற முறையீடு எழுந்தது. 161 மாணவர் உள்ள கிராமப் பொதுப்பள்ளியும் 161 மாணவர் உள்ள நகரத் தனியார் பள்ளியும் எண்ணிக்கையில் சமம். ஆனால் முன்னது தன் எல்லைக்குள் பிறந்த பிள்ளைகள் எவராயினும் ஏற்க வேண்டும். வேறெவரையும் தேட இயலாது. பின்னது பெருநகர் முழுவதிலிருந்தும் மாணவரைப் பெறலாம், வேண்டாதவரை மறுக்கலாம். எண்ணிக்கை ஒன்றாயினும் ஆற்றல் ஒன்றன்று.

இதற்குக் காணப்பட்ட தீர்வுகள் பலவகைப்பட்டன. அண்டை மாநிலமாகிய இல்லினாய், 2005-இல் ஒரு பெருக்கல் விதியைக் கொணர்ந்தது. மாணவரைச் சேர்க்க வரையறுத்த எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் தொகையை 1.65 ஆல் பெருக்கி, அத்தொகைக்குரிய பிரிவில் அவற்றை ஆடச் செய்தது. இந்தியானாவோ 2012-இல் வேறு வழி கண்டு, 2013-14 முதல் நடைமுறைப்படுத்தியது. ஈராண்டில் ஒரு பள்ளி பெறும் வெற்றிகளுக்கு மதிப்பெண் இடப்படும். மாநிலக் கோப்பைக்கு 4, அதற்குக் கீழ்ப்படிகளுக்கு முறையே 3, 2, 1. ஆறு மதிப்பெண் எய்திய பள்ளி அடுத்த உயர் பிரிவுக்கு ஏற்றப்படும். தனியார் என்றோ பொது என்றோ அவ்விதி வேறுபாடு பாராட்டவில்லை. அண்ணன்மார் பெற்ற வெற்றிக்குத் தம்பியர் கடினமான பிரிவில் ஆட நேர்கிறது என்ற குறை அதன்மீது கூறப்பட்டது. அதிலும் நியாயம் உண்டு.

தனியார் பள்ளிகளின் பக்கமும் கேட்கத்தக்க சொல் உண்டு. அவையனைத்தும் செல்வர் பள்ளிகள் அல்ல. ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் காணிக்கையால் நடந்தவையும் உண்டு. அட்டக்ஸ் அணிக்கு ஆட எதிரணி இல்லாத நாளில் உடன் ஆடியவை அத்தகைய பள்ளிகளே. பகை பள்ளியோடு அன்று.

அளவுகோல் எது?

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. 1927-இலும் 2005-இலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இப்பள்ளி எல்லோர்க்கும் திறந்ததா? முன்னதில் அக்கேள்வி, கதவை மூடிய அரசை விட்டுவிட்டு, உள்ளே அடைக்கப்பட்ட பிள்ளைகளைத் தண்டித்தது. பின்னதில் அதே கேள்வி, தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவன்மீது அவ்வுரிமைக்கேற்ற சுமையை ஏற்றியது. அட்டக்சுக்கும் நகர் முழுவதிலிருந்தும் மாணவர் வந்தனர். அது அதற்கு ஆதாயம் என்று முணுமுணுத்தவரும் உண்டு. ஆனால் அப்பிள்ளைகள் அங்கு தேர்ந்தெடுக்கப்பட்டு வரவில்லை. வேறெங்கும் செல்ல விடப்படாமல் வந்தனர். தேர்ந்தெடுக்கும் கையும் தள்ளப்பட்ட உடலும் ஒன்றல்ல. அளவுகோலைக் கையில் எடுக்கும் எவரும் இவ்வேறுபாட்டை அறிந்து அளக்க வேண்டும்.

இனி அம்மாணவன் கேட்ட வினாவிற்கு வருவோம். அவர்களோடு ஓட விட்டது சரியே. அவர்களோடு ஓடும் உரிமைக்காகத்தான் பதினைந்து ஆண்டுகள் அட்டக்ஸ் காத்திருந்தது. தனிக் களமும் தனிக் கோப்பையும் நமக்கு வேண்டா. தனித்து வைக்கப்பட்டது போதும். சரியற்றது ஓட்டத்திற்கு முன் நிகழ்ந்தது. ஒருவனுக்குக் காலணியும் பயிற்றுநரும் இருக்க, மற்றவனுக்கு அவை இல்லாமை சரியன்று. ஓர் அரசுப் பள்ளி எட்டாண்டு வளர்த்த மாணவனை, வளர்த்த பள்ளிக்கு ஒரு சொல்லும் இன்றிப் பெயர்த்துச் செல்வது சரியன்று. விளையாட்டின் பொருட்டே பள்ளி மாறும் மாணவன் 365 நாள் போட்டியில் ஆட இயலாது என்ற விதியை இந்தியானா சங்கம் நெடுங்காலம் கையாண்டது. அவ்வகை விதிகளை நம் மாவட்டங்களிலும் எண்ணிப் பார்க்கலாம். அரசுப் பள்ளிதோறும் ஓர் ஆடுகளமும் ஓர் உடற்கல்வி ஆசிரியரும் வேண்டும் என்று நாம் ஒன்றுபட்டுக் கேட்கலாம். நம் கழகம் இவ்வெள்ளி விழா ஆண்டில் புத்தகங்களுடன் சில இணை ஓட்டக் காலணிகளையும் வழங்குமாயின், அதுவும் கல்விப் பணியே ஆகும்.

அட்டக்ஸ் பள்ளி 1986-இல் உயர்நிலைப் பள்ளி என்ற நிலையை இழந்தது. 2006-இல் மீண்டும் அந்நிலையைப் பெற்றது. 2017-இல் தன் பிரிவின் மாநிலக் கோப்பையை வென்றது. அன்று அம்மாணவர் கழுத்தில் பதக்கம் அணிவித்தவர் முதியவரான ஆஸ்கர் ராபர்ட்சன். நகர வட்டத்தில் நிற்க விடப்படாத இளைஞன், அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதக்கம் சூட்டினான்.

நம் மாணவன் இப்போது மேல்நிலை வகுப்பில் பயில்கிறான், இன்னும் ஓடுகிறான். அவனுக்கு நாம் கூறும் விடை இதுவே: தம்பி, நீ அவர்களோடு ஓடு. உன் காலுக்குக் காலணி கேட்கும் பொறுப்பு எங்களுடையது.